மழைக்கு ஒதுங்கிய பூனை மாடியிலேயே தங்க வேண்டுமானால்

கெலுகோரில் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே,

செப்டம்பரும் அக்டோபரும் பினாங்கில் மழை கொட்டும் மாதங்கள். கார் நிறுத்துமிடத்திலும் குப்பைத் தொட்டிக்குப் பின்னாலும் கிடக்கும் பூனைகள் நனைவதைப் பார்க்கப் பொறுக்காமல், உங்களில் பலர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்துவிடுகிறீர்கள். அந்த மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் மழை ஓய்ந்ததும் அதே பூனை மின்தூக்கியில் கீழே போவதையும் பார்க்கிறேன். "ராத்திரி பூரா கத்துது", "சோபாவுல மூத்திரம் பேயுது", "பிள்ளையக் கீறிடுச்சு" என்கிறீர்கள். மூன்றும் உண்மைதான். மூன்றையும் பெரும்பாலும் தவிர்த்திருக்க முடியும் என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

மாடியில் சில நாள் இருந்துவிட்டுக் கீழே இறங்கும் பூனைக்குப் பழைய இடம் காத்திருப்பதில்லை. அது படுத்த மூலையை வேறொரு கடுவன் பிடித்திருக்கும். சோறு வைக்கும் இடத்திலேயே அடித்துத் துரத்தும். துரத்தப்பட்டது வேறிடம் தேடிச் சாலையைக் கடக்கும். நம் பகுதிச் சாலைகளோ சுல்தான் அஸ்லான் ஷா சாலையும், 1985 முதல் பினாங்குப் பாலத்துக்கு வண்டிகள் ஏறி இறங்கும் வழிகளும். இடையில் வீட்டுச் சாப்பாட்டுக்கும் பழகிவிட்டிருக்கும். கொண்டுவந்து திருப்பி விடுவதைவிடக் கொண்டுவராமலே கீழே வைத்துப் பராமரிப்பது அதற்கு நல்லது. கொண்டுவருவதென்றால் முறையாகக் கொண்டுவாருங்கள். முறை என்று நான் சொல்வதில் முக்கால்வாசி பொறுமைதான்.

முதலில், எந்தப் பூனை என்று பாருங்கள். தெருவில் இருப்பதெல்லாம் ஒரே ரகமல்ல. வாடகைக்குக் குடியிருப்போர் அதிகமுள்ள சுங்கை டுவா பக்கம் வீடு மாறுகிறவர்கள் விட்டுச்செல்லும் பூனைகள் உண்டு. அவை வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து காலில் உரசும், உங்கள் முகத்தைப் பார்த்துக் கத்தும். அவற்றுக்கு வீடு புதிதல்ல, சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும். தெருவிலேயே பிறந்து மனிதக் கை படாமல் வளர்ந்தது வேறு. நீங்கள் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் வரும். வயிறு தரையில் படும்படி பதுங்கி நடக்கும். பெரும்பாலும் சத்தமே போடாது. பூனைக்குட்டி மனிதரை அஞ்சாமல் ஏற்றுக்கொள்ளப் பழகும் காலம் பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான் என்று விலங்கு நடத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதற்குள் கை பட்ட குட்டி எளிதில் வீட்டுப் பூனையாகும். இரண்டு மாதம் தாண்டியதற்குக் கூடுதல் நாள் பிடிக்கும். வளர்ந்துவிட்ட காட்டுப்பூனைக் குணமுள்ளதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். சிலவற்றுக்கு அது நடக்கவே நடக்காது.

காதையும் பாருங்கள். ஒரு காதின் நுனி நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தால் அது சண்டையில் போன காதல்ல. யாரோ பிடித்துக் கருத்தடை செய்து திருப்பி விட்டதற்கான அடையாளம். அது இல்லையென்றால் கருத்தடைதான் முதல் வேலை. குளிர்நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பூனை ஈனும். பினாங்கு நிலநடுக்கோட்டிலிருந்து வெறும் 5 பாகை வடக்கே இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம் என்பதால் ஆண்டு முழுவதும் குட்டி. பெட்டைக்கு நான்கைந்து மாதம் ஆனாலே சினைப்பட முடியும். சினைக்காலம் ஒன்பது வாரம். நீங்கள் சொல்லும் ராத்திரிக் கத்தலில் பெரும்பங்கு துணை தேடும் கத்தல். சோபாவில் அடிக்கும் மூத்திரத்தில் பெரும்பங்கு கடுவன் எல்லை குறிக்கும் மூத்திரம். அறுவைக்குப் பிறகு இரண்டும் வெகுவாகக் குறைந்துவிடும். ஜெலுத்தோங்கில் ஜெட்டி சாலையில் இருக்கும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்திலோ, வீட்டுக்குப் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடமோ கேளுங்கள். வெறுங்கையால் பிடிக்கப் போகாதீர்கள். தீனி வைத்துக் கதவு விழும் பொறிக்கூண்டில் பிடித்து, கூண்டின்மேல் ஒரு கைலியைப் போர்த்திவிட்டால் இருட்டில் அது அடங்கிவிடும்.

மருத்துவர் அதே பயணத்தில் தடுப்பூசி போடுவார், தெள்ளுக்கும் குடற்புழுவுக்கும் மருந்து தருவார். பல்லி பிடித்துத் தின்னும் நம் ஊர்ப் பூனைகளுக்கு ஈரலில் ஒரு தட்டைப்புழு தங்குவதுண்டு, அதையும் சொல்லிக் கேளுங்கள். மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள். மலேசியப் பூனைகளிடம் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் பரவலாக இருக்கிறது. கீறல் வழியாக மனிதருக்கும் ஒட்டும். மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால் குணமாகும், ஆனால் புண் ஆறியவுடன் நிறுத்தினால் திரும்ப வரும். பூனை கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். பூனைப் பல் ஊசி போலக் குத்தும். வெளியே புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும்.

இனி வீடு. இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான முயற்சி உடைகிறது. கொண்டுவந்த பூனையை ஹாலில் திறந்துவிட்டு, குடும்பமே சுற்றி நின்று, பிள்ளைகள் கைத்தொலைபேசியில் படம் பிடிக்க, ஆளாளுக்குக் கூப்பிடுகிறோம். அதற்கு இது தெரியாத இடம், தெரியாத வாடை, தப்பிக்க வழியில்லாத பொட்டல். சலவை இயந்திரத்துக்குப் பின்னாலோ அலமாரிக்கு மேலேயோ போய் ஒட்டிக்கொள்கிறது. இழுத்தெடுக்கக் கை நீட்டுகிறோம். கீறுகிறது. பழி பூனைமேல்.

வீடு முழுவதையும் கொடுக்காதீர்கள். ஒரு சின்ன அறை போதும். மூன்றாவது படுக்கையறை, சாமான் அறை, ஆள் அதிகம் புழங்காத குளியலறை, எதுவானாலும் சரி. அறை இல்லாதவர்கள் பெரிய மூன்றடுக்குக் கூண்டு ஒன்றை ஒதுக்குப்புறமாக வைத்து, மூன்று பக்கமும் துணி போர்த்துங்கள். உள்ளே தண்ணீர், தீனி, தூர மூலையில் மணல் தட்டு, அத்துடன் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. அந்தப் பெட்டியை அலட்சியமாக நினைக்காதீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பகுதிக்கு ஒளியப் பெட்டி கொடுத்தும் மறுபகுதிக்குக் கொடுக்காமலும் கவனித்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே பதற்றம் தணிந்து புது இடத்துக்குப் பழகின. ஒளிய இடமிருந்தால்தான் பூனைக்கு வெளியே வரத் துணிவு வரும். ரொட்டிக் கடையில் கேட்டால் நல்ல பெட்டி சும்மா கொடுப்பார்கள். இரண்டு பக்கம் ஓட்டை போடுங்கள், ஒரு வழி மட்டும் இருந்தால் பொறிபோலத் தோன்றும்.

எங்கள் மாடியில் ஓர் அக்கா வீட்டுக்கு வந்த சாம்பல் நிறக் கடுவனைச் சொல்கிறேன். பெட்டிக்குள் இரண்டு கண் மட்டும் தெரியும். அக்கா தினமும் மாலையில் அறைக்குள் போய்த் தரையில், பூனைக்குப் பக்கவாட்டாக உட்கார்ந்து, தமிழ்ப் பேப்பரை மெல்லிய குரலில் வாசிப்பார். தொடுவதில்லை, கூப்பிடுவதில்லை, அதன் கண்ணை உற்றுப் பார்ப்பதில்லை. எழும்போது அவித்த கோழித்துண்டு ஒன்றைப் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துவிட்டு வருவார். பிறகு அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் கொண்டுவந்தார். முதலில் மாறியது காது. பின்னால் மடங்கிக் கிடந்தது, பக்கங்கள் புரளும் ஓசைக்கு முன்னால் திரும்பத் தொடங்கியது. வெகுநாள் கழித்து, அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அதுவே வந்து அவர் காலுறையை முகர்ந்தது. அப்போதும் அவர் கை நீட்டவில்லை. அந்தக் கட்டுப்பாடுதான் பாராட்டத்தக்கது. நம்மில் எத்தனை பேர் அந்த இடத்தில் அள்ளித் தூக்காமல் இருந்திருப்போம்?

பூனையைப் பார்க்க வேண்டிவந்தால் கண்ணை மெதுவாக மூடித் திறங்கள். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிச் செய்த அந்நியரை நோக்கிப் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தன. வெறித்துப் பார்ப்பதைப் பூனை சண்டைக்கான அழைப்பாகத்தான் எடுத்துக்கொள்ளும். தொடும் நாள் வந்தால் கன்னத்திலும் தாடைக்குக் கீழும் தொடுங்கள். தலைக்கு மேலிருந்து கை இறங்கினால் மிரளும். வயிற்றைத் தொடவே வேண்டாம்.

தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில் நீங்களே கொண்டுபோய் வையுங்கள். உங்கள் காலடிச் சத்தம் வயிறு நிறைவதோடு சேர்ந்து அதன் மனதில் பதியும். புது இடத்தில் முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாளாக ஒன்றுமே தொடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், பட்டினி கிடக்கும் பூனைக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். கடுவன் மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் மூத்திரம் வரவில்லை என்றால் அன்றைக்கே, அந்த மணி நேரமே மருத்துவரிடம் ஓடுங்கள். இடம் மாறிய பதற்றத்தில் கடுவனுக்கு மூத்திரக்குழாய் அடைத்துக்கொள்வதுண்டு. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

கடையில் விற்கும் பூனை மணல் தெருப்பூனைக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது மண். ஆரம்பத்தில் தட்டில் தோட்டத்து மண்ணைப் போட்டு, நாளாக ஆகக் கடை மணலைக் கலந்து கூட்டுங்கள். வாசனை சேர்த்த மணல் வேண்டாம். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு இருந்தால் நல்லது. தினமும் அள்ளுங்கள். தப்பான இடத்தில் போய்விட்டால் மூக்கைத் தேய்த்து அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதனால் அது கற்பது உங்களைக் கண்டு ஓடுவதை மட்டும்தான்.

ராத்திரிக் கத்தலுக்கு வருகிறேன். கருத்தடை ஆன பிறகும் கொஞ்ச காலம் கத்தும். பூனை அந்தியிலும் விடியலிலும் வேட்டையாடும் பிராணி. கீழே இருந்தபோது அந்த நேரத்தில் எலியும் பல்லியும் தேடிக்கொண்டிருந்தது. இப்போது நாலு சுவர். படுக்கப் போகும் முன் குச்சியில் கயிறு கட்டி, நுனியில் ஒரு துணித்துண்டோடு, அது களைக்கும் வரை துரத்த விடுங்கள். உடனே ராச் சாப்பாடு. வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது அதன் உடம்பின் வரிசை. கத்தும்போது கதவைத் திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். அந்த நாட்களில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுங்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியாது. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வெடிக் காலத்தை ஒட்டி இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நம் மாடிகளில் சன்னல் கிரில் இருப்பது திருடனுக்காக. அந்தக் கம்பி இடைவெளியில் பூனை எளிதாக நுழையும். நியூயார்க்கில் உயரத்திலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் பத்தில் ஒன்பது பிழைத்தன என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். விழுந்த இடத்திலேயே செத்தவை மருத்துவமனைக்கு வந்திருக்காது என்பதை யாரும் சொல்வதில்லை. பிழைத்தவற்றிலும் மார்பு நசுங்கியவை, தாடை பிளந்தவை ஏராளம். சன்னலுக்கும் பால்கனிக்கும் உறுதியான வலை அடித்த பிறகு பூனையைக் கொண்டுவாருங்கள்.

நம் வீட்டுப் பழக்கங்கள் சிலவும் அதைக் கொன்றுவிடும். பூனை சோர்ந்து கிடக்கிறதே என்று பெனடோல் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரே மாத்திரை போதும் அதன் உயிரைக் குடிக்க. தெள்ளுக்காக டெட்டால் போட்டுக் குளிப்பாட்டாதீர்கள், நக்கியே நஞ்சேறும். நாய்க்கு விற்கும் தெள்ளு மருந்தைத் தடவாதீர்கள். கோடாலித் தைலத்தைப் பூனைமேல் பூசாதீர்கள். மீன் குழம்புச் சோற்றிலுள்ள வெங்காயமும் பூண்டும் அதன் இரத்தத்தைக் கெடுக்கும். உப்பில்லாமல் அவித்த கெம்போங் மீன் அவ்வப்போது சரி, அன்றாடச் சாப்பாட்டுக்குப் பூனைக்கென்று விற்கும் தீனிதான் வேண்டும். பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் தேவையான டோரின் வெறும் மீன் சோற்றில் போதுமான அளவு கிடைக்காது.

மாடிக் குடியிருப்பின் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2015இன் அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி, மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளில் அகற்ற வேண்டும். தொல்லை என்பதுதான் அங்கே முக்கியம். மணல் நாறாமல், நடைவழியில் அலையாமல், கருத்தடை ஆன ஒரு பூனை உள்ளே இருந்தால் புகாருக்கு இடமில்லை. மறுபக்கம், பிராணிகள் நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. வதை செய்பவருக்குக் குறைந்தது 20,000 வெள்ளியும் அதிகம் 100,000 வெள்ளியும் அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கீழே சோறு வைப்பவர்களை மிரட்டும் ஆட்களிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். கூடவே, சோற்றைத் தாளில் கொட்டிவிட்டுப் போகாமல் தட்டை எடுத்துக் கழுவுங்கள். எலியும் ஈயும் வந்தால் வசவு பூனைக்குத்தான் போகும்.

ஜார்ஜ்டவுன் சுவர்களில் பூனைப் படங்களைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். 2013இல் ஜார்ஜ்டவுன் விழாவுக்காக, ஆதரவற்ற தெருப்பிராணிகளை ஊர் நினைக்க வேண்டும் என்று ஓவியர்கள் சிலர் சேர்ந்து '101 தொலைந்த பூனைக்குட்டிகள்' என்ற திட்டத்தில் வரைந்தவை அவை. அர்மேனியன் தெருப் பக்கம் பெரிய பூனையின் முன்னால் நின்று நாமும் படம் எடுத்திருக்கிறோம். அந்தப் படங்கள் வந்து இரண்டே ஆண்டில், 2015 செப்டம்பரில், பினாங்கில் வெறிநாய்க்கடி நோய் தென்பட்டது. மாநில அரசு தெருநாய்களைக் கொல்ல முடிவெடுத்தது, பிராணி நல அமைப்புகள் தடுப்பூசிதான் வழி என்று எதிர்த்து நின்றன. எனக்கு அதில் தெளிவாகத் தெரிவது, தடுப்பூசியும் கருத்தடையும் இல்லாத கூட்டமாக இருக்கும்வரை, நோய் என்ற சொல் எழுந்ததும் முதலில் பலியாவது தெருப்பிராணிதான் என்பது. நாம் ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டு அறுவை செய்து வைத்தால், அப்படி ஒரு நாளில் அவற்றுக்காகப் பேச நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

கடைசியாக, உள்ளே வராத பூனைகளைப் பற்றி. சில மாதம் பொறுமையாக இருந்தும் அது சுவரில் ஒட்டிக்கொண்டே இருந்தால், சாப்பிட்டும் மெலிந்தால், தன் ரோமத்தையே நக்கிப் பிடுங்கினால், அதற்கு வீடு சிறை. அதை விட்டுக்கொடுப்பது தோல்வியல்ல. பிடித்த இடத்திலேயே, கருத்தடையும் தடுப்பூசியும் ஆனபின், தினமும் சோறு வைக்க ஆளிருக்கும் நிலையில் திருப்பி விடுங்கள். வேறு தாமானிலோ பாசாரிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தெரியாத ஊரில் விடப்பட்ட பூனை பழைய இடம் தேடி நடந்தே செத்துப்போகும். அதைக் கீழே வைத்துப் பார்த்துக்கொள்வதும் வளர்ப்புதான்.

இந்த மழைக்கு முன்பே உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து, நீங்கள் சோறு வைக்கும் பூனைகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். எது பெட்டை, எது கடுவன், எதற்குக் காது வெட்டியிருக்கிறது, எது காலில் உரசுகிறது, எது தூரத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள். ஒரு பொறிக்கூண்டைச் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள், அறுவைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பெட்டைகளை முதலில் கொண்டுபோங்கள். அறை காலியாக இருக்கிறவர்கள் அறையைக் கொடுங்கள், அறை இல்லாதவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் தரையில் உட்கார்ந்து பேப்பர் வாசிக்க வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் கெலுகோர் அண்டை வீட்டுக்காரர்